கதவுகளும் காவலும்: திருவட்டாற்றிலிருந்து சில குறிப்புகள்

1

என் மாமி, அதாவது அப்பாவின் தங்கை, 1958இல் ஒரு சி.எஸ்.ஐ. வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாங்கள் லத்தீன் கத்தோலிக்கர், ஊர்வழக்கில் 'ஆர்.சி.'. அவர்கள் லண்டன் மிஷன் வழி வந்தவர்கள். இரண்டு வீடும் ஒரே சாதி. எங்கள் பாட்டாவும் அந்த வாத்தியாரின் பாட்டாவும் ஒரே விளையில் பனையேறியவர்கள். எங்கள் குடும்பத்திலேயே இன்னொரு கிளை வேதத்தில் சேராமல் வருஷா வருஷம் சுடலைக்குக் கொடை கொடுத்துக்கொண்டிருந்தது. திருவட்டாற்றுப் பக்கத்தில் இதெல்லாம் அதிசயமில்லை. ஒரே குடும்பம் மூன்று திசையில் பிரிந்து, மூன்று மணி கேட்டு எழுந்திருக்கும்.

கல்யாணம் சி.எஸ்.ஐ. சபையில் நடந்தது. அன்றோடு மாமி எங்கள் கோயிலுக்கு வெளியே போனாள். பாவசங்கீர்த்தனம் இல்லை, நன்மை வாங்குவது இல்லை. பாட்டி ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் மகள் வீட்டு நடையில் நின்று பேசுவாள், உள்ளே ஏறமாட்டாள். கேட்டால், 'நான் ஏறினா எனக்கும் நன்மை இல்லாமப் போவும் மக்கா' என்பாள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் பாட்டிக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது. புகுந்த வீட்டிலாவது மாமிக்கு முழு இடம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. அவளுடைய மாமியார் கடைசிவரை அவளைச் 'சிலைக்காரி' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். 1984இல் மாமி செத்தபோது புருஷன் வீட்டு விளையில், ஒரு பிலாவின் கீழ் அடக்கம் செய்தார்கள். துணிமணிகளை எடுத்துக் கட்டும்போது தலையணை உறைக்குள் ஒரு ஜெபமாலை கிடைத்தது. உள்பக்கமாகத் தைத்து வைத்திருந்தாள்.

பல வருஷம் கழித்து, வேறு எதற்கோ திருச்சபைச் சட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, பிற சபைக் குருவின் முன் திருமணம் செய்துகொள்ளும் கத்தோலிக்கர் சபைநீக்கத்துக்கு உள்ளாவார். 1966 மார்ச்சில் ரோமாபுரி வெளியிட்ட ஆணை ஒன்று இந்தத் தண்டனையை ரத்துசெய்தது. இனி வருகிறவர்களுக்கு மட்டுமல்லாமல், ஏற்கெனவே தண்டனைக்குள் இருந்தவர்களுக்கும் சேர்த்தே ரத்துசெய்தது. 1970இல் போப் ஆறாம் பவுல் கலப்புத் திருமண விதிகளை இன்னும் தளர்த்தினார். பழைய திருமணத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும் வழி இருந்தது.

ஆக, திறந்து கிடந்த ஒரு கதவுக்கு வெளியே மாமி பதினெட்டு வருஷம் நின்றிருக்கிறாள். யாரும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை. இதில் சதி ஒன்றும் இல்லை. யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த 'ஞாபகம் வராமை'யைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். மதங்களுக்கிடையிலான தப்பெண்ணத்தை 'அறியாமை' என்று விளக்கிப் பழகியிருக்கிறோம். ஒருவரையொருவர் தெரிந்துகொண்டால் சரியாகிவிடும் என்று 'நல்லிணக்க'க் கூட்டம் போடுகிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த விளக்கம் செல்லாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.20 விழுக்காடு. அடுத்த வீட்டுக் குழம்பின் மணத்தை வைத்தே அது யார் வீடு என்று சொல்லக்கூடியவர்கள் நாங்கள். எங்களிடம் தெரியாமை இல்லை. எங்களிடம் இருப்பது காவல் நிற்கும் பழக்கம். கதவைப் பூட்டிய விதி போனபிறகும் காவல் போவதில்லை. நான் சொல்லவந்தது இவ்வளவுதான். மற்றவை இதற்கான சான்றுகள்.

2

முதலில் 'கத்தோலிக்கர்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒற்றைப் பாறை: ரோமில் ஒருவர் சொன்னால் இங்கே எல்லோரும் தலையாட்டுவார்கள். உள்ளே இருப்பவருக்கு அப்படித் தெரியவில்லை.

கடற்கரையின் முக்குவர்கள் 1544இல் பிரான்சிஸ் சவேரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்ததாக அவரே 1545 ஜனவரியில் எழுதினார். உள்நாட்டு நாடார் கத்தோலிக்கர்களின் வரலாறு வேறு. 1930இல் மார் இவானியோஸ் யாக்கோபிய மரபிலிருந்து பிரிந்து ரோமோடு இணைந்ததன் வழியே வளர்ந்த மலங்கரைக் கத்தோலிக்கரின் வரலாறு இன்னும் வேறு. சீரோ மலபார் முறையினர் நான்காவது. இந்தச் சின்ன மாவட்டத்தில் இப்போது நான்கு கத்தோலிக்க மறைமாவட்டங்கள் இருக்கின்றன: 1930இல் தோன்றிய கோட்டாறு, 1996இல் தக்கலையும் மார்த்தாண்டமும், 2014இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்த குழித்துறை. வழிபாட்டு முறை மூன்று. அதற்குக் கீழே சாதி. கடற்கரைக்காரனும் உள்நாட்டுக்காரனும் ஒரே பூசையைக் கண்டாலும் பெண் கொடுத்து எடுப்பதில்லை.

சாதியை மதமாற்றம் கரைத்துவிட்டது என்று கிறிஸ்தவர்கள் சொல்லிக்கொள்வது உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தைப் பார்த்தால் போதும். அங்கே 1872இல் கட்டிய கோயில் கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரண்டாகப் பிரிந்திருந்தது. வேளாளர் ஒரு காலில், நாடார் மறு காலில், நடுவே சுவர். 1910இல் கௌசானல் என்ற பிரெஞ்சுக் குருவானவர் அந்தச் சுவரை இடித்தார். இடித்ததற்கு எதிராகக் கத்தோலிக்கர்களே நீதிமன்றம் போனார்கள். பூசையில் ஒரே அப்பத்தை வாங்குகிறவர்கள் அதை ஒரே வரிசையில் நின்று வாங்கக்கூடாது என்று வழக்காடினார்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'அவங்க' என்று யாரைப் பற்றிப் பேசினாலும், அந்தச் சொல்லின் முதல் வேலை அவர்களுக்குள் இருக்கும் வேறுபாடுகளை அழிப்பது. இரண்டாவது வேலை, 'நாம'வுக்குள் இருக்கும் வேறுபாடுகளை மறைப்பது. இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

3

மாமியைச் 'சிலைக்காரி' என்றார்களே, அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

சீர்திருத்த சபையார் கத்தோலிக்கர்மேல் வைக்கும் பழைய குற்றச்சாட்டு: இவர்கள் மரியாளைக் கும்பிடுகிறார்கள், சுரூபத்தைக் கும்பிடுகிறார்கள். கத்தோலிக்க இறையியலின் பதிலும் பழையது. கடவுளுக்குரிய ஆராதனை வேறு, புனிதர்களுக்குச் செய்யும் வணக்கம் வேறு, கி.பி. 787இல் நடந்த இரண்டாம் நீசேயா சங்கத்திலேயே இது முடிவாகிவிட்டது என்பார்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு.

தமிழில் என்ன ஆகிறது? 'கும்பிடு' என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்கிறது. சாமியைக் கும்பிடுகிறோம், பெரியவர்களைக் கும்பிடுகிறோம், தாசில்தாரைக் கும்பிடுகிறோம், கடன் கேட்டு வந்தவனையும் 'கும்பிடு போட்டு' அனுப்புகிறோம். எதிரே இருப்பது கடவுளா மனிதனா என்று இந்தச் சொல் கேட்பதில்லை. கையைக் கூப்பும் உடம்புக்குத்தான் அது பெயர். ஐரோப்பாவில் நூல்களைக் கொண்டு நடந்த ஒரு சண்டை இங்கே வந்து இறங்கியபோது, அந்தச் சண்டைக்கு வேண்டிய சொற்கள் தமிழில் இல்லை. 'ஆராதனை', 'தொழுகை', 'வணக்கம்' என்று எழுத்தில் பிரித்துக்கொண்டார்கள். பேச்சில் பிரியவில்லை. பாட்டி மாதாவையும் கும்பிட்டாள், வீட்டுக்கு வந்த டாக்டரையும் கும்பிட்டாள். மாமியாருக்கு முதலாவது மட்டும் பாவமாகத் தெரிந்தது.

இந்தச் சண்டைக்குத் தமிழ் உரைநடையும் ஒருவகையில் கடன்பட்டிருக்கிறது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். லுத்தரன் பிரசங்கத்தை எதிர்த்து வீரமாமுனிவர் 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று எழுதினார். தமிழ் உரைநடையின் முன்னோடி என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தவர், அந்த உரைநடையின் ஒரு பகுதியை இன்னொரு கிறிஸ்தவனைத் திட்டுவதற்காக எழுதினார் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. 'பதிதர்' என்ற சொல் அந்தக் காலத்துக் கத்தோலிக்கத் தமிழில் சாதாரணமாகப் புழங்கியது. இந்துக்களுக்கு 'அஞ்ஞானிகள்'. பெரிய வெள்ளி மன்றாட்டில் பதிதருக்கும் அஞ்ஞானிகளுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கி வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சபையாரைப் 'பிரிந்த சகோதரர்கள்' என்று அழைத்தது. 1965 அக்டோபர் 28 அன்று வெளிவந்த அறிக்கை, பிற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றது. பெரிய வெள்ளி மன்றாட்டும் மாற்றி எழுதப்பட்டது. புத்தகத்தில் சொல் மாறிவிட்டது. எங்கள் வீட்டில்? சுடலைக் கொடைக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து வரும் படைப்புச் சோற்றை அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். அவர்கள் தலை மறைந்ததும் மாட்டுத் தொட்டியில் கொட்டுவாள். 'பேய்க்கு வச்சதுல்லா' என்பாள். சித்தப்பாவுக்கு இது தெரியும். அவர் வருஷா வருஷம் கொடுத்தனுப்பினார். அம்மா வருஷா வருஷம் வாங்கினாள். இதை நல்லிணக்கம் என்பதா, தப்பெண்ணம் என்பதா? இரண்டும் ஒரே கிண்ணத்தில்தான் வந்தன.

4

கத்தோலிக்கர்களைப் பற்றி இந்துக்களிடையே உலவும் பேச்சுகளில் முக்கியமானது: 'பால்பவுடருக்கும் கோதுமைக்கும் மாறினவனுவ.' இதில் துளி உண்மையும் உண்டு. அமெரிக்க உபரி தானியமும் பால்பவுடரும் 1950கள், 60களில் தேவாலய அமைப்புகள் வழியாக விநியோகிக்கப்பட்டன. வரிசையில் நின்றவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். ஆனால் முக்குவர் ஞானஸ்நானம் வாங்கிய 1544க்கும் பால்பவுடர் டின்னுக்கும் நடுவே நானூறு வருஷம் கிடக்கிறது. நானூறு வருஷத்துக்குப் பின்னால் வந்த ஒரு டின், நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு முடிவுக்குக் காரணமாக்கப்படுகிறது.

காரணங்களை வேறிடத்தில் தேடவேண்டும். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடினார்கள். மதம் அதோடு வந்தது. உள்நாட்டில், 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில், தோள்சீலை அணிய உரிமை இல்லாத சாதிகளின் பெண்கள் அதற்காக அடிபட்டார்கள். 1859 ஜூலை 26 பிரகடனம் வரை, ஏறத்தாழ நாற்பது வருஷம் அந்தப் போராட்டம் நீண்டது. அதில் லண்டன் மிஷன் கிறிஸ்தவப் பெண்கள் இருந்தார்கள், கிறிஸ்தவராகாத பெண்களும் இருந்தார்கள். அதே சாதிக்கு, அதே காலத்தில், சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் கிறிஸ்தவத்துக்கு வெளியே இன்னொரு வழியைத் திறந்தார். மதம் மாறியவர்களும் வைகுண்டரோடு நின்றவர்களும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னவர்கள். பதில்களை மட்டும் ஒன்றோடொன்று மோதவிட்டு, கேள்வியை மறக்கடிப்பது பிறகு நடந்த வேலை.

கேள்வி எது? அதற்குத் திருவட்டாற்றுக் கோயில் வாசலுக்குப் போகவேண்டும்.

5

கோதையாறும் பரளியாறும் சுற்றி ஓட, நடுமேட்டில் இருக்கிறது ஆதிகேசவப் பெருமாள் கோயில். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று, நம்மாழ்வார் பாடியது. இருபத்திரண்டு அடி நீளத்துக்குப் பெருமாள் படுத்திருக்கிறார். இந்தக் கோயிலுக்குள் 'அல்லா மண்டபம்' என்று ஒரு மண்டபம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் படை இங்கிருந்து பெருமாளின் விக்கிரகத்தை எடுத்துச் சென்றதாகவும், அதனால் துன்பம் வந்து நவாபு விக்கிரகத்தைத் திருப்பிக்கொடுத்து, இந்த மண்டபத்தையும் ஒரு பூசையையும் ஏற்படுத்தியதாகவும் ஊர்க்கதை சொல்கிறது. 'திரு அல்லா பூசை' என்று அதற்குப் பெயர். கதை நடந்தபடியே சொல்லப்படுகிறதா என்பது வேறு விவாதம். கொள்ளையடித்தவன் பெயரைக்கூட மண்டபமாக்கி உள்ளே வைத்துக்கொள்ளும் ஒரு மனம் அந்தக் கதையில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

அதே மனம் தன் சொந்த ஊர்க்காரனை உள்ளே விடவில்லை. 1936 நவம்பர் 12 வரை நாடாரும் ஈழவரும் புலையரும் பறையரும் இந்த வாசலைத் தாண்ட முடியாது. பனையேறிய என் பாட்டா கத்தோலிக்கர். அவரோடு பனையேறிய சித்தப்பா வீட்டுப் பாட்டா இந்து. இருவருக்கும் கோயில் ஒரே தூரத்தில் இருந்தது. அன்றைக்கு அந்த வாசலில் மதம் என்ற கேள்வியே எழவில்லை. சாதி போதுமானதாக இருந்தது.

1936இல் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் அந்தக் கதவைத் திறந்தது. அது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அதன் மொழியைக் கவனிக்கவேண்டும்: பிறப்பாலோ மதத்தாலோ 'இந்து'வாக உள்ள எவருக்கும் இனித் தடையில்லை. முன்பு வாசலில் சாதி நின்றது. அந்த நாளிலிருந்து 'இந்து' என்ற சொல் அங்கே நின்றது. ஒரு காவலாளி இறங்கும்போதே அடுத்தவன் ஏறிவிட்டான். இது தற்செயலும் அல்ல. 1935 அக்டோபரில் அம்பேத்கர் இயோலாவில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்திருந்தார். திருவிதாங்கூர் ஈழவர்கள் கூட்டாக மதம் மாறுவதைப் பற்றி வெளிப்படையாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்த கைகளில் மதமாற்றம் குறித்த பயமும் ஒன்று. அப்படியானால், வெளியேறிப்போனவர்களும் உள்ளே இருந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள்தான். என் பாட்டா மதம் மாறியதில் சித்தப்பாவின் கோயில் நுழைவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் சித்தப்பா சிரிப்பார். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

இந்த நினைவு போய்விட்ட இடத்தில் என்ன முளைக்கும் என்பதை 1982 காட்டியது. முந்திய வருஷம் மீனாட்சிபுரம் மதமாற்றம் நாடு முழுக்கப் பேசப்பட்டிருந்தது. மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடை சமயத்தில் கடற்கரைக் கத்தோலிக்கருக்கும் உள்நாட்டு இந்துக்களுக்கும் நடுவே மூண்ட தகராறு, மார்ச் 1 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஆறு பேர் செத்தார்கள். கலவரம் ஊர் ஊராகப் பரவியது. குன்றக்குடி அடிகளார் கடற்கரை ஊர்களுக்கே நேரில் போய்ச் சமாதானம் பேசினார். நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. திருவட்டாற்றுப் பக்கம் கலவரம் வந்ததைவிடப் பேச்சுதான் அதிகம் வந்தது. தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் கடற்கரைப் பெண்களிடம் வாங்காதே என்று சில வீடுகளில் சொன்னார்கள். எங்கள் வீடு ஆர்.சி. ஆனாலும் அந்தக் 'கடப்புறத்துக்காரி'யை நடைக்குமேல் ஏற்றியதில்லை. இந்துக்கள் மீனை நிறுத்தியபோது எங்களுக்குக் கோபம் வந்தது. நாங்கள் நடையில் நிறுத்தியது எங்களுக்குத் தெரியவே இல்லை.

6

2021 ஜூலைக்கும் 2022 ஜூலைக்கும் இடையில், இந்த வட்டாரத்தில் மூன்று காரியம் நடந்தது. மூன்றையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

முதலாவது: 2021 ஜூலை 18. காவலில் இருந்தபடி மரித்த ஸ்டேன் சாமிக்கு அஞ்சலி செலுத்த அருமனையில் கூட்டம். அங்கே ஒரு கத்தோலிக்கக் குரு பேசினார். பூமியைத் தாயென்று மதித்துச் செருப்பில்லாமல் நடப்பவர்களைக் கேலிசெய்தார். மாவட்டத்தில் எங்கள் எண்ணிக்கை கூடிவிட்டது, இன்னும் கூடும் என்றார். கைதானார். மதத்தை இழிவுபடுத்தியது தொடர்பான பிரிவுகளை நீக்க 2022 ஜனவரியில் உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. கைது சரியா, பிரிவு சரியா என்பது தனி விவாதம். நான் பேசுவது அந்தப் பேச்சின் உள்ளடக்கத்தைப் பற்றி. வாழ்நாள் முழுக்க ஆதிவாசிகளோடு நின்ற ஒரு பாதிரியாரின் அஞ்சலிக் கூட்டத்தில், வெறுங்காலோடு நடப்பவனின் பக்தி கேலிப்பொருளானது. விழுக்காடு மிரட்டலாக மாறியது. சிறுபான்மை என்பது ஒரு அரசியல் நிலை. எண்ணிக்கையால் அதைப் பேசத் தொடங்கும்போது, பெரும்பான்மைவாதத்தின் சொல்லாடலைத்தான் நாம் கடன் வாங்குகிறோம்.

இரண்டாவது: 2022 மே 15. நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயத்தை ரோமில் புனிதராக அறிவித்தார்கள். மார்த்தாண்டவர்மாவின் ஆட்சி மதத்துக்காகக் கொல்லவில்லை, வேறு குற்றத்துக்காகக் கொன்றது என்று வாதிடும் வரலாற்றாய்வாளர்களும் உண்டு. 'இந்து அரசன் கொன்றான்' என்று ஒருபக்கமும், 'கிறிஸ்தவர்கள் கட்டிவிட்ட கதை' என்று மறுபக்கமும் கச்சை கட்டிக்கொண்டார்கள். இருபக்கமும் கவனிக்காமல் போன ஒரு விஷயம் உண்டு. 'தேவசகாயம் பிள்ளை' என்று வழங்கிய பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுக்கவேண்டும் என்று கத்தோலிக்கர்கள் சிலர் கோரினார்கள், ரோம் ஏற்றுக்கொண்டது. இருநூற்றெழுபது வருஷம் கழித்து ஒரு புனிதரின் பெயரிலிருந்து சாதி நீங்கியது. நட்டாலம் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டாவது கோயில் இருக்கும் ஊரும்கூட. மகாசிவராத்திரிக்கு 'கோவிந்தா, கோபாலா' என்று கூவியபடி ஓடிவருகிறவர்கள் ஓட்டத்தை முடிப்பது அந்த ஊரில்தான்.

மூன்றாவது: 2022 ஜூலை 6. நானூற்றுப் பதினெட்டு வருஷத்துக்குப் பின் திருவட்டாற்றில் கும்பாபிஷேகம். அழைப்பிதழில், தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் அன்றைய அமைச்சருமான மனோ தங்கராஜின் பெயர் இருந்தது. அவர் பிறப்பால் கிறிஸ்தவர். இந்து அல்லாதவர் விழாவில் கலந்துகொள்ளத் தடைவிதிக்கவேண்டும் என்று மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார்கள். நீதிபதிகள் பி.என். பிரகாஷ், ஆர். ஹேமலதா அமர்வு தள்ளுபடி செய்தது. பெருந்திரள் கூடும் விழாவில் ஒவ்வொருவரின் மதத்தையும் சோதித்து உள்ளேவிடுவது நடக்கிற காரியமல்ல. வேற்று மதத்தவருக்கு ஒரு இந்துத் தெய்வத்தில் நம்பிக்கை இருந்தால் தடுக்கமுடியாது. யேசுதாஸின் பக்திப் பாடல்கள் கோயில்களில் ஒலிக்கின்றன. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இந்துக்கள் போகிறார்கள் என்றது.

நல்ல தீர்ப்பு. ஆனால் 'நம்பிக்கை இருந்தால்' என்பதில் ஒரு சின்ன நெருடல். இருக்கிறதா என்று யார் பார்ப்பது? 2024 ஜனவரி 30 அன்று பழனிக் கோயில் வழக்கில் அதே மதுரைக் கிளையின் தனி நீதிபதி எஸ். ஸ்ரீமதி அளித்த தீர்ப்பில் இதற்குப் பதில் வந்தது. கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதாருக்கு அனுமதியில்லை என்று பலகை வைக்கவேண்டும். வர விரும்பும் பிற மதத்தார், அந்தத் தெய்வத்தில் நம்பிக்கை உண்டென்றும் வழக்கங்களைப் பின்பற்றுவதாகவும் உறுதிமொழி எழுதிக் கொடுக்கவேண்டும். 2022இல் சாவியாக இருந்த 'நம்பிக்கை' 2024இல் பூட்டாயிற்று. சொல் மாறவில்லை, கை மாறிவிட்டது.

7

'அப்படின்னா உங்க கோயில்ல எல்லாருக்கும் நன்மை குடுப்பியளா ஓய்?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கொடுப்பதில்லை. வேளாங்கண்ணிக்குப் போகும் இந்துவுக்கு மெழுகுவர்த்தியும் எண்ணெயும் மாலையும் உண்டு, நற்கருணை இல்லை. எங்கள் வாசலிலும் பலகை இருக்கிறது, எழுதிவைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஒரு சடங்குக்கு உள்விதிகள் இருப்பதை நான் தப்பெண்ணம் என்று சொல்லவில்லை. கருவறைக்குள் யார் போகலாம், நன்மை யார் வாங்கலாம் என்பதெல்லாம் அந்தந்த நம்பிக்கைக்குள் நடக்கவேண்டிய வாக்குவாதங்கள். அங்கேயும் சாதியோ ஆண் என்ற அதிகாரமோ ஒளிந்திருந்தால் உள்ளே இருப்பவர்களே இழுத்து வெளியே போடவேண்டும். உள்விதியையும் காவலையும் பிரித்தறிய என்னிடம் ஒரு சோதனை உண்டு. விதி போனபிறகு காவல் போகிறதா என்று பாருங்கள். போனால் அது வெறும் விதியாகத்தான் இருந்தது. போகவில்லையென்றால் அந்தக் காவல் வேறு எதற்கோ நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். 1910இல் வடக்கன்குளத்துச் சுவர் போனது, வழக்கு வந்தது. 1936இல் சாதித் தடை போனது, மதத் தடை வந்து நின்றது. 1966இல் சபைநீக்கம் போனது, பாட்டி நடைக்குமேல் ஏறவில்லை.

எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும் செய்யக்கூடியது என்ன? 'எம்மதமும் சம்மதம்' என்ற போஸ்டர் போதாது. மதங்களை ஒட்டுப்போடாத மூன்று மூட்டைகளாக முதலில் ஒத்துக்கொண்டு, பிறகு மூட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதுதான் அந்த வேலை. அவிழ்க்கவேண்டும். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் யார் யாரை நடையில் நிறுத்தினார்கள் என்று சொல்லவேண்டும். அதை அடுத்தவன் மூட்டையிலிருந்து தொடங்கினால் அது பிரச்சாரம். நம்முடையதிலிருந்து தொடங்கினால்தான் விமர்சனம். அருமனைப் பேச்சைக் கண்டித்து முதலில் எழுதியிருக்கவேண்டியவன் நான். எழுதவில்லை. 'இந்த நேரத்தில் வேண்டாம்' என்று தோன்றியது. அந்தத் தோன்றலும் ஒரு காவல்தான்.

கும்பாபிஷேகத்தன்று நானும் போயிருந்தேன். ஆற்றுப்பாலம் முதலே கூட்டம். கலசத்தில் தண்ணீர் விழுந்தபோது கூட்டம் மொத்தமும் கை கூப்பியது. என் கையும் கூப்பியது. அது ஆராதனையா, வணக்கமா? தமிழில் கேட்டால் கும்பிட்டேன். பக்கத்தில் நின்றவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவரும் என்னைக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மாமியின் மகன் வீட்டில் ஏறினேன். அவன் சி.எஸ்.ஐ. சபையில் கமிட்டிக்காரன். பேச்சுவாக்கில் 1966 ஆணையைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அவனிடம் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ஜன்னல் வழியாகப் பிலா தெரிந்தது.

'அம்மைக்கு இது தெரியுமா?'

'தெரியாது. யாரும் சொல்லல.'

'நீ எப்ப படிச்ச?'

வருஷத்தைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினான். 'அப்ப பாட்டி உயிரோட இருந்தாளே. அவளுக்காவது சொல்லியிருக்கலாம் இல்லியா?'

என்னிடம் பதில் இல்லை. கதவு திறந்ததைத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்களின் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது திருவட்டாற்று வழக்கு என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். அவன் கேட்டதுதான் காரணம்.